சந்திரகாந்தி டீச்சர் எடுத்த பெரட்டு

சந்திரகாந்தி டீச்சருக்கு அவருடைய அப்பா தம்பையா விட்டுப் போன சொத்து ஒரு குரல். தம்பையா மடுல்சீமைக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தில் கங்காணியாக இருந்தவர். விடிந்ததும் பெரட்டுக்களத்தில் ஆட்களை நிற்க வைத்துப் பெயர் கூப்பிட்டு, இன்னார் இன்ன மலைக்கு என்று பிரித்து வேலைக்கு அனுப்புவது அவர் பொறுப்பு. பனி எவ்வளவு இறங்கியிருந்தாலும் அந்தக் குரல் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் கடைசி லயம்வரை போய்ச் சேரும். பிந்தி வருகிறவர்கள் பாதி வழியிலேயே தங்கள் பெயரைக் கேட்டு ஓடத் தொடங்குவார்கள். ஆண்பிள்ளை இல்லாத வீடு. குரல் மூத்த மகளுக்கு வந்து சேர்ந்தது.

அது அவருக்குச் செய்த கெடுதல் கொஞ்சமில்லை. பாடசாலை நாடகத்தில் மற்றப் பெண்பிள்ளைகள் தேவதைகளாக மேடையில் நின்றபோது, இவரைத் திரைக்குப் பின்னால் நிறுத்தி இடியாக நடிக்க வைத்தார்கள். பெண் பார்க்க வந்த அன்று, தேத்தண்ணியைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட வேண்டும், வாயைத் திறக்கவே கூடாது என்று அம்மா கட்டளையிட்டிருந்தார். மகள் அதை அப்படியே நிறைவேற்றியதில், பெண் ஊமையா என்று மாப்பிள்ளை வீட்டார் பக்கத்து லயத்தில் விசாரித்துவிட்டுப் போனார்கள். மாப்பிள்ளை ரமேஸ் பதுளையில் ஓர் இரும்புக் கடையில் வேலை செய்பவர். அமைதியான பெண் என்று மகிழ்ந்து கட்டிக்கொண்டார். கல்யாணம் முடிந்த மறுவாரம் ஒரு காலையில் சந்திரகாந்தி முற்றத்தில் நின்று கோழியைக் கூப்பிட்டார். ரமேஸ் படுக்கையிலிருந்து எழுந்து விறைப்பாக நின்று, "இந்தா வந்துட்டேங்க" என்றார்.

முன்பள்ளி ஆசிரியைப் பயிற்சிக்குப் போன இடத்தில்தான் இதற்கு ஒரு மருந்து கிடைத்தது. சின்னப் பிள்ளைகளிடம் தேன் ஒழுகுகிற மாதிரிப் பேச வேண்டும் என்று அங்கே சொல்லிக்கொடுத்தார்கள். மற்றவர்கள் ஒரு பகலில் கற்றதை அவர் பயிற்சி முடியும்வரை பழகினார். தொண்டையின் அடிப்பகுதியைப் பூட்டிவிட்டு மேல்பகுதியால் மட்டும் பேசுவது எப்படி என்று தானாகவே கண்டுபிடித்தார். தினமும் காலையில் கொத்தமல்லி அவித்துக் குடித்துவிட்டு, அப்பா வேலை பார்த்த அதே தோட்டத்து முன்பள்ளியில் தேன் குரலில் பாட்டுச் சொல்லிக்கொடுத்தார். பத்து வருடத்துக்கு மேல் அந்தப் பூட்டு விழுந்தபடியே இருந்தது.

முன்பள்ளி இருப்பது பிள்ளைக்காம்பராவை ஒட்டிய அறையில். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம் பிள்ளைக்காம்பரா. அங்கே ஆயாவாக இருப்பவர் இராக்கம்மா. முப்பது வருடம் மலையில் கொழுந்து பறித்து, முழங்கால் போனபிறகு இந்த வேலைக்கு வந்தவர். முன்பள்ளிப் பிள்ளைகளுக்குத் திரிபோஷா சத்துமாவைப் பிசைந்து உருண்டை பிடித்துக் கொடுப்பதும் அவர்தான்.

நிஷாந்தினி தன் மகள் மேனுஷாவைக் கொண்டுவந்து விட்டபோது பிள்ளைக்கு நாலு வயது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். கை தட்டினால் காதைப் பொத்திக்கொண்டு அலறுவாள். பொம்மையைக் கொடுத்தால் அதன் காலை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பாள். பதுளையில் பார்த்த டொக்டர், இவள் மற்றப் பிள்ளைகளோடுதான் இருக்க வேண்டும், முன்பள்ளியில் சேருங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார். டீச்சரும் சேர்த்துக்கொண்டார். ஆனால் மேனுஷா வாசற்படியைத் தாண்டவில்லை. வெளியே பிள்ளைகள் கழற்றிப் போட்ட செருப்புகளை வரிசையாக அடுக்கிக்கொண்டு, அவற்றுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பாள். கையைப் பிடித்து உள்ளே இழுத்தால் அலறல் பெரட்டுக்களம்வரை கேட்கும். ஆக, அவள் முன்பள்ளியில் சேர்ந்திருந்தாள், முன்பள்ளிக்குள் வந்ததில்லை.

பெற்றோர் சங்கத்தில் இது பேச்சானது. சங்கத்துக்கும் தலைவர், தொழிற்சங்கத்துக்கும் தோட்டத் தலைவர், இரண்டும் ஜெயகுமார்தான். அவர் மகன் கிரிஷாந்தனும் அதே முன்பள்ளியில் இருந்தான். தை மாதம் பதுளையிலிருந்து மேற்பார்வை அதிகாரி வருகிறார், அதற்குள் மேனுஷா உள்ளே வந்து உட்கார்ந்தால் இருக்கட்டும், இல்லையென்றால் பதுளையில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்றே இருக்கிற பள்ளிக்கு அனுப்புவது என்று முடிவானது. பதுளைக்குப் பிள்ளையைத் தினமும் கூட்டிப்போய்க் கூட்டிவருவதென்றால் நிஷாந்தினி வேலையை விட வேண்டும். வேலையை விட்டால் தோட்டம் கொடுத்த லயக் காம்பராவையும் விடச் சொல்வார்கள். அந்தக் கூட்டத்தில் டீச்சர் தேன் குரலில் ஏதோ சொன்னார், யாருக்கும் கேட்கவில்லை.

ஐப்பசி மழையில் டீச்சருக்குத் தொண்டை கட்டியது. தேன் குரல் வரும் மேல்பகுதி முழுவதும் அடைத்துப் போயிற்று. காலையில் பெயர் கூப்பிட வாயைத் திறந்தால் காற்று மட்டும் வந்தது. இரண்டு தரம் முயன்றுவிட்டு, வேறு வழியில்லாமல் அடிப்பகுதியைத் திறந்தார்.

"கிரிஷாந்தன்."

கிரிஷாந்தன் கையிலிருந்த பென்சிலைப் போட்டுவிட்டு எழுந்து நின்றான். அடுத்த அறையில் தூங்கிக்கொண்டிருந்த கைக்குழந்தைகள் மூன்றும் ஒன்றாக விழித்தன. டீச்சர் வெட்கத்தோடு அடுத்தடுத்த பெயர்களைக் கூப்பிட்டு, கடைசியாக, பழக்கத்துக்காக, "மேனுஷா" என்றார்.

"இருக்கேங்க" என்று செருப்புகளுக்கு நடுவிலிருந்து பதில் வந்தது.

திரிபோஷா பிசைந்துகொண்டிருந்த இராக்கம்மாவின் கை நின்றது. எல்லாரும் வாசலைப் பார்த்தார்கள். மேனுஷா எழுந்து, கைகளைப் பக்கத்தில் வைத்து, நேராக நின்றுகொண்டிருந்தாள். உள்ளே வரவில்லை.

"வாம்மா, உள்ள வா" என்றார் டீச்சர். மேனுஷா அசையவில்லை.

"என்னா டீச்சர் நீங்க, கங்காணி மகளா இருந்துக்கிட்டு" என்றார் இராக்கம்மா. "பேரக் கூப்புட்டாப் போதுமா? எந்த மலைன்னு சொல்ல வேணாமா? ஆளு எங்கன்னு போகும்?"

"எந்த மலைன்னு சொல்ல?"

"அந்தப் பாயச் சொல்லுங்க. கட்டை அடுக்குற பாய். அஞ்சாம் நம்பர்னு வச்சிக்கங்க."

டீச்சர் தொண்டையைச் செருமினார். "மேனுஷா, அஞ்சாம் நம்பர் மலை."

மேனுஷா படியேறி, அறையைக் கடந்து, பாயில் போய் உட்கார்ந்து, மரக்கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கத் தொடங்கினாள். பகல்வரை எழவில்லை. சோற்று நேரத்தில் டீச்சர், "மேனுஷா, சாப்பாட்டு மலை" என்றார். அப்படி ஒரு மலை எந்தத் தோட்டத்திலும் கிடையாது. இருந்தாலும் பிள்ளை சாப்பிட வந்தாள்.

பகல் நிறுவைக்குக் கொழுந்து கொண்டுவந்த வழியில் எட்டிப் பார்த்த நிஷாந்தினிக்கு விஷயத்தைச் சொன்னார்கள். அவள் மகளைப் பார்த்துக்கொண்டே வாசலில் நின்றாள். அவர்களுடைய காம்பரா லயத்தின் கடைசிக் காம்பரா, அதன் ஜன்னல் பெரட்டுக்களத்தின் பக்கம். பிறந்ததிலிருந்து மேனுஷா தினமும் கண்விழிப்பது பெரட்டு கூப்பிடும் சத்தத்துக்குத்தான்.

"நாலு வருசமா கொஞ்சிக் கொஞ்சிக் கூப்புட்டிருக்கேன் டீச்சர்" என்றாள் நிஷாந்தினி. சந்தோஷமா வருத்தமா என்று அவளுக்கே பிடிபடவில்லை. "ஒரு தடவ திரும்பிப் பார்த்ததில்ல."

"கொஞ்சுனா யாருடி வேலைக்குப் போவா" என்றார் இராக்கம்மா.

மறுநாள் டீச்சரின் தொண்டை சரியாகிவிட்டது. அவர் தேன் குரலுக்குத் திரும்பவில்லை. ஆனால் மேனுஷாவுக்கு மட்டும் மலை சொன்னதில் ஒரு சிக்கல் வந்தது. "எனக்கு மலை இல்லையா டீச்சர்?" என்று கேட்டு கிரிஷாந்தன் அழுதான். வேலை கிடைக்காமல் திரும்பிய ஆளைப் போலப் படியில் போய் உட்கார்ந்துகொண்டான். ஒருத்திக்குச் செய்வதை எல்லாருக்கும் செய்தால் அவள் தனியாகத் தெரிய மாட்டாள் என்று டீச்சருக்குத் தோன்றியது. அது நல்ல யோசனைதான். படப் புத்தக மூலை இரண்டாம் நம்பர் மலை ஆனது. வெளியே உள்ள மணல் தொட்டி மூன்றாம் நம்பர். பிள்ளைகள் காலையில் வரிசையாக நின்று, பெயர் கேட்டதும் "இருக்கேங்க" என்று சொல்லி, தங்கள் மலைக்குப் போனார்கள். அதுவரை எந்தப் பாட்டுக்கும் கட்டுப்படாத பிள்ளைகள் கட்டுப்பட்டார்கள். மேனுஷா நடுவரிசையில் நின்றாள். பக்கத்தில் நிற்கிறவன் மறந்துபோய் வேறு மலைக்குப் போனால் சட்டையைப் பிடித்து இழுத்துத் திருப்பி விட்டாள். ஒரு பிள்ளையை அவளாகப் போய்த் தொட்டது அதுதான் முதல் தடவை.

இதோடு நின்றிருந்தால் வம்பில்லை. பெரட்டு இருந்தால் நிறுவை இருக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது. மைதானத்தில் விழுந்த இலைகளைப் பொறுக்கி, சாப்பாட்டுப் பைகளில் அடைத்துக்கொண்டு வந்து நின்றார்கள். இராக்கம்மா கைக்குழந்தைகளை நிறுக்கிற தராசைக் கழற்றிக்கொண்டு வந்தார். மைதானம் அவ்வளவு சுத்தமாக எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. கூடுதலாகக் கொண்டுவந்தவருக்கு முதலில் உருண்டை என்றும் ஒரு முறை வந்தது.

ஒரு மழை நாளில் இராக்கம்மா, கிரிஷாந்தனின் பையை நிறுத்துவிட்டு, "ஈரத்துக்குக் கொஞ்சம் கழிக்கணும்" என்றார்.

கிரிஷாந்தன் தரையில் உட்கார்ந்தான். அவனைப் பார்த்து மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். யாரும் மலைக்குப் போக மாட்டோம், உருண்டையும் வேண்டாம் என்றார்கள். மேனுஷா மட்டும் தனக்குச் சொன்ன அஞ்சாம் நம்பருக்குப் போய்க் கட்டை அடுக்கினாள்.

"கருங்காலி" என்றான் கிரிஷாந்தன்.

மகன் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறான் என்று ஆள் போய், ஜெயகுமார் வந்தார். நிலைமையைக் கேட்டார். முகம் மாறியது.

"ஈரத்துக்குக் கழிச்சீங்களா ஆயா?"

"கழிச்சேன். எனக்கு முப்பது வருசம் கழிச்சாங்கல்ல. அப்ப எங்க போனீங்க தலைவரே?"

"அது வேற விசயம். இது நியாயமான போராட்டம்." ஜெயகுமார் பிள்ளைகள் பக்கம் போய்க் குந்தினார். "கோரிக்கை என்னா தம்பி?"

"ரெண்டு உருண்டை" என்றான் கிரிஷாந்தன்.

ஜெயகுமார் இரண்டு பக்கமும் பேசினார். கழிப்பது நிறுத்தப்படும், உருண்டை ஒன்றரை என்று முடிவானது. மகனைத் தூக்கிக்கொண்டு, தோட்டத்துரையிடம் ஜெயிக்காததை இங்கே ஜெயித்த திருப்தியில் வாசல் படலைவரை போனவர், அங்கே திடீரென்று நின்றார். திரும்பி வந்தார்.

"டீச்சர், ஒரு நிமிசம். இங்க பெரட்டா எடுக்குறீங்க?"

அன்று மாலை கோயிலடியில் பெற்றோர் கூடினார்கள். ஜெயகுமார் சத்தம் போடவில்லை. அதுதான் டீச்சருக்குக் கஷ்டமாக இருந்தது.

"எங்கப்பன் பெரட்டுல நின்னாரு. நான் நிக்கிறேன். எம்மவன் நிக்கக் கூடாதுன்னுதான் சப்பாத்து வாங்கிப் போட்டு அனுப்புறேன். அவன் இன்னைக்கு வீட்டுக்கு வந்து, அப்பா எனக்கு நாளைக்கு மூனாம் நம்பர் மலைன்னு சிரிச்சிக்கிட்டுச் சொல்றான் டீச்சர். கேக்கவே நல்லாயில்ல."

பெரட்டுக்குப் பிந்தி வந்தவர்களைத் தன் அப்பா திருப்பி அனுப்பியதை டீச்சர் சிறுவயதில் பார்த்திருக்கிறார். அவர்கள் வெறுங்கையோடு நடந்து போனதும் நினைவில் இருந்தது.

"சரிதான் தலைவரே" என்றார். "ஆனா மேனுஷா?"

"அதுக்கு வேற வழி பாருங்க."

வேறு வழி பார்த்தார்கள். மலைகளுக்குப் பதிலாக நல்ல உத்தியோகங்களைச் சொல்லலாமே என்று ஒரு தாய் யோசனை சொன்னாள். மறுநாள் டீச்சர், "கிரிஷாந்தன், பேங்க்" என்றார். அவன் எங்கே போவதென்று தெரியாமல் சுற்றிச் சுற்றி வந்தான். "மேனுஷா, ஆஸ்பத்திரி" என்றார். அவள் காதைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினாள். போன வாரம் ஊசி போட்டிருந்தார்கள். அதற்குமேல் டீச்சர் முயற்சி செய்யவில்லை. கொத்தமல்லி குடித்து, பூட்டைப் போட்டு, தேன் குரலில் பாடினார். மேனுஷா பழையபடி வெளியே. இப்போது செருப்பு அடுக்கவும் இல்லை. படியில் நேராக நின்று, தன் பெயரைக் கூப்பிடுவார்கள் என்று பகல்வரை காத்திருந்தாள். அவளை உட்கார வைக்க யாராலும் முடியவில்லை. நிஷாந்தினி சாயங்காலம் வந்து, பிள்ளையின் கால்களைத் தேய்த்துவிட்டுத் தூக்கிக்கொண்டு போவாள்.

தை பிறந்தது. அதிகாரி வருகிற நாளும் வந்தது. தோட்டத்தில் சொல்லி, பெற்றோர் எல்லாரும் ஒரு மணி நேரம் பிந்தி மலைக்கு வர அனுமதி வாங்கியிருந்தார் ஜெயகுமார். அதிகாரியைக் காணவில்லை. மடுல்சீமை ரோட்டில் லொறி ஒன்று சேற்றில் புதைந்து வழி அடைபட்டிருந்தது. பெற்றோர் மைதானத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். மலைக்கு நேரே போக வேண்டியிருந்ததால் பெண்கள் இடுப்பைச் சுற்றிப் படங்குத் துணியைக் கட்டிக்கொண்டு, சாக்கைத் தோளில் போட்டிருந்தார்கள். ஆண்கள் தொப்பியோடும் கத்தியோடும் நின்றார்கள். பனி இன்னும் கலையவில்லை.

படியில் நின்ற மேனுஷா அவர்களைப் பார்த்தாள். ஆட்கள் கூடியிருக்கிறார்கள். சாக்கு இருக்கிறது, கத்தி இருக்கிறது. கூப்பிடுகிறவரை மட்டும் காணவில்லை. அவள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிப் பார்த்தாள். அதற்குமேல் அவளால் பொறுக்க முடியவில்லை.

"பெரியாயி" என்று கூப்பிட்டாள்.

சின்னத் தொண்டையிலிருந்து வந்தது டீச்சருடைய குரல். அவருடையதுகூட அல்ல, தம்பையாவுடையது. அதே இழுப்பு, அதே வெட்டு.

"இருக்கேங்க" என்றாள் கூட்டத்தில் நின்ற பெரியாயி, யார் கூப்பிட்டதென்று பார்ப்பதற்கு முன்பே.

"அஞ்சாம் நம்பர்."

எது எந்த மலை என்பது பிள்ளைகள் வீட்டில் சொல்லிச் சொல்லிப் பெற்றோருக்கும் மனப்பாடம். பெரியாயி நடந்தாள். படியேறி உள்ளே போய்ப் பாயில் உட்கார்ந்த பிறகுதான், தான் எங்கே இருக்கிறோம் என்று பார்த்தாள். மேனுஷா தினமும் ஜன்னல் வழியாகக் கேட்ட வரிசையை ஒன்று மாறாமல் கூப்பிட்டாள். வீரசிங்கம், ரெண்டாம் நம்பர். விஜயலெட்சுமி, அஞ்சாம் நம்பர். நிஷாந்தினி, அஞ்சாம் நம்பர். தன் பெயர் மகள் வாயில் வந்ததும் நிஷாந்தினி, "இருக்கேன்டி தங்கம்" என்றாள். மேனுஷா அப்படியே நின்றாள். நிஷாந்தினி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இருக்கேங்க" என்று திருத்திச் சொன்னதும்தான் அடுத்த பெயருக்குப் போனாள்.

"ஜெயகுமாரு. மூனாம் நம்பர்."

ஜெயகுமார் அரை நொடி யோசித்தார். கால்கள் யோசிக்கவில்லை. மணல் தொட்டியில் போய் நின்றார். ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருந்த கிரிஷாந்தன் அப்பாவுக்கு ஒரு சிரட்டையைக் கொடுத்தான்.

அந்த நேரத்தில்தான் பதுளை அதிகாரி ஜெஸீமா, சேறு அப்பிய செருப்போடு படலையைத் திறந்துகொண்டு வந்தார். மேனுஷா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"லேட்டு" என்றாள். "வீட்டுக்குப் போ."

ஜெஸீமா நின்றுவிட்டார். இராக்கம்மா நொண்டிக்கொண்டே அவர் பக்கத்தில் போய், "போயிராதீங்கம்மா" என்று மெதுவாகச் சொன்னார். "காரணம் சொல்லி மன்னிப்புக் கேளுங்க. அரைப்பேராவது, அரை நாள் சம்பளமாவது கெடைக்கும்."

ஜெஸீமாவுக்குப் பதினெட்டு வருடச் சேவை. பலவிதமான முன்பள்ளிகளைப் பார்த்தவர். மேனுஷாவின் உயரத்துக்குக் குனிந்தார். "மன்னிச்சுக்கங்க. ரோட்டுல லொறி புதைஞ்சி போச்சு."

மேனுஷா இதை நெடுநேரம் யோசித்தாள். "அரைப்பேரு. ரெண்டாம் நம்பர்."

அதிகாரி, இராக்கம்மா கை காட்டிய படப் புத்தக மூலைக்குப் போய், வீரசிங்கத்துக்குப் பக்கத்தில் இருந்த குட்டி நாற்காலியில் உட்கார்ந்தார். மேனுஷா இராக்கம்மாவைத் தராசுக்கு அனுப்பினாள். டீச்சரின் பெயரைப் பெரட்டில் கேட்டதில்லை என்பதால் அவரைக் கூப்பிடவில்லை. மைதானம் காலியானது.

இப்போது படியில் மேனுஷா மட்டும். எல்லாரையும் அனுப்பியாயிற்று. அவளை அனுப்ப ஆளில்லை. கைகளைப் பக்கத்தில் வைத்து நேராக நின்றாள். பாயில் இருந்த நிஷாந்தினி எழப் போனாள். மலைக்குப் போன ஆள் நடுவில் எழுந்து வரக் கூடாது என்பதுபோல விஜயலெட்சுமி அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

டீச்சர் மணல் தொட்டியைப் பார்த்தார். தடை போட்டவர் அங்கேதான் இருந்தார், கையில் சிரட்டையோடு. மகன் அதற்குள் மணலைக் கொட்டிக்கொண்டிருந்தான்.

ஜெயகுமார் டீச்சரைப் பார்க்கவில்லை, மேனுஷாவைத்தான் பார்த்தார். "எத்தன வருசமா சங்கத்துல இருக்கேன்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். "ஒரு புள்ள கூப்புட்டதும் போயிட்டேன் பாருங்க." பிறகு, "கூப்புடுங்க டீச்சர். நிக்குதுல்ல" என்றார்.

டீச்சர் பூட்டைத் திறந்தார்.

"மேனுஷா. அஞ்சாம் நம்பர் மலை."

"இருக்கேங்க" என்றாள் மேனுஷா. படியைத் தாண்டி உள்ளே வந்து, பாயில் அம்மாவுக்கும் பெரியாயிக்கும் நடுவில் இருந்த இடத்தில் உட்கார்ந்து, பெரியாயி தவறாக வைத்திருந்த கட்டையை எடுத்துச் சரியான இடத்தில் வைத்தாள்.

ஜெஸீமா அதைப் பார்த்தார். பிள்ளை இங்கேயே இருக்கட்டும் என்று அங்கேயே, குட்டி நாற்காலியில் இருந்தபடியே சொல்லிவிட்டார். எழுந்திருக்க அவருக்கு உதவி தேவைப்பட்டது.

ஜெயகுமார் ஒரு நிபந்தனை வைத்தார். பிள்ளைகளைப் பெரியவர்கள் பெரட்டுக்கு நிறுத்துவது இனிமேலும் கூடாது. பிள்ளைகள் கூப்பிட வேண்டும், மாறி மாறி. தினமும் பெற்றோரில் ஒருவராவது வந்து வரிசையில் நின்று, சொல்லுகிற மலைக்குப் போக வேண்டும். மேனுஷாவை மட்டும் டீச்சர் கூப்பிடலாம். எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். கிரிஷாந்தன் ஒன்றரை உருண்டையை ஞாபகப்படுத்தினான்.

அன்று பெற்றோர் மலைக்குப் போய்ச் சேர்ந்தபோது அனுமதித்த நேரம் தாண்டியிருந்தது. எங்கே போயிருந்தீர்கள் என்று கணக்கப்பிள்ளை கேட்டதற்கு, "அஞ்சாம் நம்பர்ல வேலை" என்றாள் பெரியாயி. அஞ்சாம் நம்பர் மலையில் போன வாரமே பறித்து முடித்திருந்தது. கணக்கப்பிள்ளை அதற்குமேல் கேட்காமல் எல்லாருக்கும் அரைப்பேர் போட்டார். இரண்டு நாள் கழித்து ஜெயகுமார் அதற்காக ஒரு போராட்டம் தொடங்கினார்.

சந்திரகாந்தி டீச்சர் கொத்தமல்லி அவிப்பதை விட்டுவிட்டார். மாசியில் ஒரு நாள் அவருக்கும் பஸ் பிந்தியது. படியில் மேனுஷா நின்றுகொண்டிருந்தாள், ஏற இறங்கப் பார்த்தாள். டீச்சர் காரணம் சொன்னார், மன்னிப்பும் கேட்டார். அன்று பகல் இராக்கம்மா அவருக்கு அரை உருண்டைதான் கொடுத்தார்.